வாக்குத்தத்தப் பெட்டியும் வசன காலண்டரும்: பாடுகளின் நடுவில் இருப்பவருக்கு வாங்கித் தரலாமா?

நவம்பர் கடைசியில் ஆரம்பித்து ஜனவரி பாதிவரை கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலும் சபை ஸ்டால்களிலும் முன்வரிசையில் இருப்பவை இவைதான்: தினசரி கிழிக்கும் வசன காலண்டர், வாக்குத்தத்தப் பெட்டி, லேமினேட் செய்த புது வருட வாக்குத்தத்த அட்டை, மாதாந்திர தியானப் புத்தகம். வாங்குகிறவர்களில் பலர் தங்களுக்காக வாங்குவதில்லை. கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் அத்தைக்கு, பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, கடனில் மூழ்கிய தம்பிக்கு என்று யாரையாவது மனதில் வைத்துத்தான் எடுக்கிறார்கள். அந்த ஒரு உபயோகத்துக்கு இவை தேறுமா என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். சுவரில் தேதி பார்க்க வாங்குவதென்றால் எதை வேண்டுமானாலும் வாங்கலாம்.

முதலில் பெட்டி. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் அல்லது மரப் பெட்டி, உள்ளே நூறு, இருநூறு சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் தேவனுடைய வாக்குறுதியாக ஒரு வேத வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவி எடுப்பது வழக்கம். அச்சைவிட, தேர்வில்தான் கோளாறு. இதற்கு நல்ல உதாரணம், கல்லாப்பெட்டிக்கு மேலும் கல்யாணப் பத்திரிகையிலும்கூடக் காணப்படும் யோபு 8:7: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." இதைச் சொன்னவர் கர்த்தர் அல்ல, யோபைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களில் ஒருவரான பில்தாத். பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் இழந்த தகப்பனான யோபிடம் வந்து உட்கார்ந்துகொண்டு, அவர்கள் பாவம் செய்ததால்தான் அப்படி ஆனது என்ற பொருள்பட 4-ஆம் வசனத்தில் பேசிவிட்டு, மூன்று வசனம் தள்ளி இந்த ஆறுதலைச் சொல்கிறார். யோபு 22:21-இல் வரும் "நீர் அவரோடே பழகி சமாதானமாயிரும், அதினால் உமக்கு நன்மை வரும்" என்பதும் இதே கதைதான், அது இன்னொரு நண்பரான எலிப்பாசின் வாய்வார்த்தை. இந்த மூன்று நண்பர்களைப் பற்றித்தான் 42:7-இல், என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் கோபிக்கிறார். யோபு அவர்களுக்கு வைத்த பெயர் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" (16:2). யோபின் முடிவு நன்றாகத்தானே அமைந்தது என்று கேட்கலாம். அமைந்தது. ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தால் அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவர் கையில் இந்த அட்டை வந்தால், அவர் வேதாகமத்தைத் திறந்து முன்வசனத்தைப் படித்துவிடுவார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சங்கீதம் 91:11-12 அட்டையும் அடிக்கடி வரும். பாதம் கல்லில் இடறாதபடி தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்ற அருமையான வசனம். மத்தேயு 4:6-இல் அதையே சந்தர்ப்பத்திலிருந்து உருவி, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லிக் காட்டுகிறவன் பிசாசானவன். வசனத்தில் பிழையில்லை. அதை வெட்டி எடுத்து, விபத்தில் கால் போனவரிடம் நீட்டுவதில்தான் இருக்கிறது பிழை.

அடுத்த கோளாறு பாதி வசனம். அட்டையில் இடம் போதாமல் வெட்டுகிறார்கள். வெட்டும்போது எப்போதும் துன்பப் பக்கம்தான் கீழே விழுகிறது. யோவான் 16:33-இல் "திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" மட்டும் மிஞ்சும், அதற்கு முன்னால் உள்ள "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" காணாமல் போகும். பிலிப்பியர் 4:13 தனியாக வரும்போது எதையும் சாதிக்கலாம் என்கிற மாதிரி ஒலிக்கும். முந்தின வசனத்தில் பவுல், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். சிறையிலிருந்து எழுதிய கடிதம் அது. "வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற உபாகமம் 28:13, செவிகொடுத்தால் என்ற நிபந்தனையோடு வருவது. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14 வசனம், அதன் பின் சாபம் 54 வசனம். அந்த 54-இலிருந்து எந்தப் பெட்டியிலும் அட்டை போடமாட்டார்கள், போடவும் வேண்டாம். ஆனால் 13-ஐ மட்டும் நிபந்தனையில்லாமல் விற்பது சரியான வியாபாரம் இல்லை.

புது வருட அட்டையில் அதிகம் அச்சாகும் எரேமியா 29:11-ஐயும் இங்கேயே பார்த்துவிடலாம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய நிருபம் இது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று அங்கே சிலர் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா அதை மறுத்து, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். விடுதலை எழுபது வருஷம் முடிந்த பிறகு என்று 10-ஆம் வசனம் தேதியே குறிக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க முடியாது. அட்டையில் 11 மட்டும் வந்தால் "இந்த வருஷம் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆகிறது. 5 முதல் 14 வரை வாசித்தால், சரியாகாத வருஷத்திலும் என்ன செய்வது என்ற விடை கிடைக்கிறது. நாள்பட்ட நோயாளிக்குத் தேவை இரண்டாவதுதான்.

வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுப்பதே தவறு என்று சொல்லவில்லை. அதற்கு மூத்த முன்மாதிரி ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவிய சபையார் 1728 முதல் அன்றன்றைக்கு ஒரு வசனம் எடுத்தார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகி வருகிறது. அதில் ஒரு நல்ல கட்டுப்பாடு உண்டு: பழைய ஏற்பாட்டு வசனம்தான் சீட்டில் வரும், அதற்கு இணையான புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுப்பார். ஒன்றை ஒன்று தாங்கும். நம் பெட்டிகளில் அந்த இரண்டாவது வேலை பெரும்பாலும் நடப்பதில்லை.

வாங்குமுன் கடையிலேயே சோதித்துவிடலாம். பத்து அட்டை எடுங்கள். புத்தகம், அதிகாரம், வசன எண் மூன்றும் இருக்கிறதா? அரைப்புள்ளியில் தொடங்குகிறதா, மூன்று புள்ளியில் முடிகிறதா? கர்த்தர் பேசுகிறாரா, வேறொருவரா? ஒரு புலம்பலாவது, ஒரு கேள்வியாவது இருக்கிறதா? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான பெட்டிகள் தோற்கும். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு போலப் புலம்பல்கள். 88-ஆம் சங்கீதம் எந்த விடிவும் சொல்லாமலே முடிந்துவிடுகிறது. பெட்டியை மட்டும் பார்க்கிறவருக்கு வேதாகமத்தில் யாருமே அழவில்லை என்று தோன்றும்.

இன்னொரு வகை அட்டை உண்டு, உள்ளடக்கம் சரியாக இருந்தும் கொடுக்கிற கையால் கெடுவது. "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" (சங்கீதம் 119:71). இது பாடுபட்டவர் தன்னைப் பற்றிச் சொன்ன சாட்சி. நலமாக இருக்கிறவர் படுக்கையில் இருப்பவரிடம் இதை நீட்டினால் "நீர் உபத்திரவப்பட்டது உமக்கு நல்லது" என்று மாறிவிடும். அப்படி ஒரு வசனம் கிடையாது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28-உம் அப்படியே. யோசேப்பு, தன்னைக் குழியில் போட்டு விற்ற சகோதரரிடம் "தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று சொன்னது ஆதியாகமம் 50:20-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினேழு வயதில் விற்கப்பட்டார், முப்பதில் பார்வோன் முன் நின்றார், ஏழு வருஷ விளைச்சலும் இரண்டு வருஷப் பஞ்சமும் கழிந்து தகப்பன் எகிப்துக்கு வந்தார், அவர் அங்கே வாழ்ந்தது 17 வருஷம். குழியில் போட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 39 வருஷம் கழித்து வந்த வார்த்தை அது. குழிக்குள் இருந்தபோது யாரும் அவருக்கு அதை எழுதி அனுப்பவில்லை.

பாடுகளுக்கு வேதம் ஒரே காரணம் சொல்வதுமில்லை. யோபுக்குக் காரணம் கடைசிவரை சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரம் வாசகருக்குத்தான் தெரியும். பிறவிக்குருடன் விஷயத்தில் யார் பாவம் என்ற கேள்வியையே இயேசு தள்ளிவிட்டு, தேவனுடைய கிரியை வெளிப்படுவதைப் பேசுகிறார் (யோவான் 9:3). பவுல் தன் உடலை வருத்திய "முள்ளை" எடுத்துப்போடச் சொல்லி மூன்றுதரம் வேண்டி, முள்ளோடேயே "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலைப் பெறுகிறார். 2 கொரிந்தியர் 1:4-இல் வரும் நோக்கம் கையில் பிடிக்கக்கூடியது: பெற்ற ஆறுதலைக் கொண்டு, அகப்பட்ட மற்றவர்களை ஆறுதல்படுத்துவது. டயாலிசிஸ் மையத்தில் புதிதாக வந்து பயந்து உட்கார்ந்திருப்பவரிடம் பழைய நோயாளி பேசும் பேச்சு இந்த வசனத்தின் நேரடி செயல்வடிவம். பெட்டி தயாரிப்பவர்கள் இதை ஏனோ குறைவாகவே சேர்க்கிறார்கள்.

இனி தாள், அச்சு. பளபளப்பு லேமினேஷன் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும். மல்லாந்து படுத்திருப்பவர் படிக்கவே முடியாது, பேனாவாலும் எழுத முடியாது. எழுத்து 14 புள்ளிக்குக் குறைந்தால் ணை, ஷ, ஞ போன்றவற்றின் சுழிகள் மையில் அடைந்துபோகும். அறுபது தாண்டியவருக்கு 16 வேண்டும். மஞ்சள் சூரியோதயப் படத்தின்மேல் வெள்ளை எழுத்து அச்சிட்டவற்றைத் தொடவே வேண்டாம். கிழிக்கும் காலண்டரில் ராகுகாலம் இல்லாத இடத்தை விளம்பரம் பிடித்துக்கொள்ள, வசனம் அடியில் பொடி எழுத்தாகிவிடுகிறது. அதோடு ஆணி இல்லாத வார்டில் எங்கே மாட்டுவது?

தியானப் புத்தகம் இவற்றைவிட ஒரு படி மேல், ஒரே காரணம், வாசிக்க வேண்டிய பகுதியை முழுதாகக் குறிப்பிடுகிறது. வாங்கும்போது நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நாளும் "கடைசியில் சுகம் கிடைத்தது, வேலை கிடைத்தது" என்று முடியும் புத்தகம், சுகம் கிடைக்காதவருக்கு ஒரு மாதம் தினமும் குற்றவுணர்வு கொடுக்கும்.

பெரிய எழுத்து வேதாகமம் தரத்தில் முதலிடம், வசதியில் கடைசி. முழு வேதாகமம் ஒரு கிலோவைத் தாண்டும். ஊசி குத்திய கையால் தூக்க முடியாது, தாளும் மெல்லியது என்பதால் பின்பக்க எழுத்து தெரியும். வீட்டில் தலையணைமேல் வைத்துப் படிக்கலாம். ஆஸ்பத்திரிக்கு, புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் சேர்ந்த பதிப்பு கையடக்கம். அதில் யோபு, புலம்பல் என்ற இரண்டு புத்தகங்களும் இராது என்பது நிஜமான குறை. ஒலி வேதாகமம் கண் சோர்ந்தவர்களுக்கு நல்லது. பின்னணி இசை அதிகம் உள்ளதை விலக்கிவிடுங்கள், காய்ச்சலில் இருப்பவருக்கு அது இரைச்சல். கத்தோலிக்கக் குடும்பத்துக்கு என்றால் அவர்கள் வாசிக்கும் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வாங்குங்கள். பழகாத நடையில் வரும் வசனம் படுக்கையில் மனதில் நிற்காது.

கடையில் தேறுவது எதுவும் இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம். 250 ஜிஎஸ்எம் ஐவரி போர்டு, ஏ4 அளவில் ஐந்து தாள். ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டினால் 40 அட்டை. பதினைந்து புலம்பலுக்கு: ஆறே வசனமுள்ள 13-ஆம் சங்கீதம் முழுதாகவே ஓர் அட்டையின் இரு பக்கத்தில் அடங்கும், 42, 88, புலம்பல் 3 ஆகியவற்றின் பகுதிகளையும் சேருங்கள். புலம்பல் 3:22-23 எழுதும்போது 17-இலிருந்து தொடங்குங்கள், "காலைதோறும் புதியவைகள்" எந்த இருட்டிலிருந்து வருகிறது என்று தெரியட்டும். பத்து அட்டை கூட இருக்கிறவரைப் பற்றி: ஏசாயா 43:2, சங்கீதம் 23:4. எட்டு அட்டை பாடுபட்டவர்களின் சொந்த சாட்சி; 2 கொரிந்தியர் 12:8-10 மாதிரி. ஐந்து அட்டை மற்றவருக்கு ஆறுதலாவது பற்றி. மீதி இரண்டு வெறுமையாக இருக்கட்டும், அவரே தன் ஜெபத்தை எழுத. பின்பக்கம் பென்சிலில் யார், யாரிடம், எப்போது சொன்னது என்று ஒரு வரி போதும். சீட்டு எடுக்கும்போது புலம்பல் வந்துவிட்டால் மாற்றி எடுக்காதீர்கள்.

ஒரு விஷயம் தவிர்க்க முடியாதது. அடக்க ஆராதனை முடிந்த அந்த வாரத்தில் பெட்டி, அட்டை, காலண்டர் எதுவும் வேண்டாம், வீட்டில் செய்ததையும் சேர்த்து. யோபின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தது (2:13). அந்த வாரம் முடியும்வரை சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோய்க் கொடுங்கள்.

காலண்டர் ஜனவரி பாதிக்கு மேல் பாதி விலைக்குக் கிடைக்கும். பெட்டியும் கையடக்க ஏற்பாடும் வருஷம் முழுக்கக் கிடைப்பவை, டிசம்பர் கூட்டத்தில் அவசரப்பட வேண்டியதில்லை. பெட்டியைக் கடையில் பிரித்துப் பார்க்க விடாவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.