கன்வெர்ட்டிபிள் காரின் வடிகால் அடைப்பு: குத்துவதா, ஊதுவதா, உறிஞ்சுவதா?

கூரையை மடித்துத் திறக்கக்கூடிய கார்தான் கன்வெர்ட்டிபிள். அதன் துணிக் கூரையின் மேல் விழும் மழைநீர் பின்பக்கமாக வழிந்து, கூரையின் அடிவிளிம்பில் இருக்கும் வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு மூலைகளிலும் உள்ள துளைகள் வழியாகக் காருக்கு அடியில் போய் விழ வேண்டும். இலைத்தூள், மண், கூரைத் துணியிலிருந்து உதிரும் பஞ்சு எல்லாம் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிட்டால், தண்ணீர் வேறு வழி தேடிக்கொள்ளும். அந்த வழி எங்கே போய் முடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் செலவு.

1989-இல் வெளிவந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் உள்ள கார்ப்பெட்டை நனைக்கும், கதவுக்குக் கீழே ஓடும் வெற்று உலோகப் பகுதிக்குள்ளும் இறங்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். பிரிட்டனில் வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்க ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில் இந்தக் காரின் பழைய வண்டிகள் தேறாமல் போக முக்கியமான காரணம் இந்தத் துருதான். போர்ஷே பாக்ஸ்டர் 986-இல் இருக்கைக்கு அடியில்தான் திருட்டுத் தடுப்புக்கான மின்னணுப் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பிஎம்டபிள்யூ ஸெட்4-இன் இ85 மாடலில் கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் மோட்டாரையே வடிகால் மூலையில் வைத்திருக்கிறார்கள். அடைப்பு வந்தால் மோட்டார் தண்ணீரில் மூழ்கி, கூரை பாதியில் நின்றுவிடும். பல உரிமையாளர்கள் அந்த மோட்டாரைக் கழற்றி டிக்கிக்கே மாற்றிவிட்டார்கள். ஒரு கைப்பிடி குப்பைக்கு இவ்வளவு பெரிய விலை!

சரி, அடைப்பை எப்படி எடுப்பது? கையில் கிடைத்த இரும்புக் கம்பியை விட்டுக் குத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். வடிகால் குழாய் பிளாஸ்டிக் அல்லது ரப்பர், அதுவும் வயதானது. கம்பியின் முனை அதைக் கிழித்துவிட்டால் அடைப்பு போயிருக்கும், ஆனால் தண்ணீர் இனி நிரந்தரமாகக் காரின் உடலுக்குள்ளேயே கசியும். கிழிசல் இருப்பது உட்புறத்தை முழுக்கக் கழற்றினால்தான் தெரியும்.

கம்பிக்கு நல்ல மாற்று, புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பு. 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிமன் போதும். தூண்டிலுக்குப் போடும் மெல்லிய தங்கூசி இதற்கு ஆகாது, வளைந்து உள்ளேயே சுருண்டுகொள்ளும். நரம்பின் முனையைத் தீயில் லேசாகக் காட்டி மொட்டையாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அவசரப்படாமல், சுழற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும். தடுக்கும் இடத்தில் பலம் காட்டாமல் முன்னும் பின்னுமாக அசைத்தால் போதும். வளைவு அதிகமுள்ள நீண்ட குழாய்களில் இதைவிடப் பாதுகாப்பான கருவி கிடையாது. ஆனால் ஒரு குறை: நரம்பு குப்பையில் ஒரு சின்ன ஓட்டை போடுகிறதே தவிர, குப்பையை வெளியே கொண்டுவருவதில்லை. தண்ணீர் இறங்குவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைப்போம். அடுத்த இலையுதிர் காலத்தில் அந்த ஓட்டை மறுபடி மூடிக்கொள்ளும்.

காற்று அடிப்பது வேகமான வழி, அதே அளவு ஆபத்தானதும்கூட. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசர் 100 பிஎஸ்ஐக்கு மேல் தரும். அதை மேலிருந்து நேராகச் செலுத்தினால், அடைப்பு இறுக்கமாக இருக்கும்போது காற்று போக வழியில்லாமல் குழாயையே அதன் இணைப்பிலிருந்து கழற்றிவிடும். அது உள்ளே நடப்பதால் வெளியிலிருந்து தெரியாது. காற்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், அழுத்தத்தை நன்றாகக் குறைத்து, காருக்கு அடியில் உள்ள வாயிலிருந்து மேல்நோக்கிச் சிறு சிறு தவணையாக ஊதுங்கள். அடைப்பு பெரும்பாலும் மேல்வாயில்தான் இருக்கும், வந்த வழியே கிளம்பி வரும். மேலே ஒரு பழைய துணியைப் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் சேறு இருக்கை முழுவதும் தெறிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, பேசப்படுவது மிகக் குறைவாக உள்ள வழி: உறிஞ்சுவது. ஈரத்தையும் இழுக்கும் வேக்குவம் கிளீனரின் வாயில் ஒரு சிறிய ரப்பர் குழாயை டேப் சுற்றிப் பொருத்தி, வடிகால் துளையின் மேல் வைத்தால், காய்ந்த இலையும் மண்ணும் மேலேயே வந்துவிடும். குத்துவதும் ஊதுவதும் குப்பையைக் குறுகலான பகுதிக்குள் தள்ளும் அபாயம் உள்ளவை. உறிஞ்சுவதில் அது இல்லை, குழாயும் கிழியாது. கெட்டியாக இறுகிப்போன சேற்றை இது அசைக்காது, உண்மைதான். அப்படியானால் கொஞ்சம் வெந்நீர் விட்டு ஊறவைத்து, நரம்பால் கலக்கி, மறுபடி உறிஞ்ச வேண்டும்.

ஹோஸ் பைப்பைப் பிடித்து நேராகத் தண்ணீர் அடிப்பவர்களும் உண்டு. அடைப்பு இருக்கும்போது அது காரை நாமே நனைப்பதற்குச் சமம். தண்ணீர் கடைசியில், சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும்தான்.

எந்தக் காருக்கு எது? எம்எக்ஸ்-5-இன் பழைய மாடல்களில் குழாய் குட்டையானது, அதனால் உறிஞ்சிவிட்டு நரம்பு விட்டாலே போதும். கூரையைப் பாதி திறந்து, இருக்கைக்குப் பின்னால் சீட் பெல்ட்டைத் தாங்கி நிற்கும் கோபுரம் போன்ற பகுதிக்குப் பின்னால் டார்ச் அடித்தால் துளை தெரியும். பாக்ஸ்டரில் பின்கூரை மூடியின் கீல் மூலைகளில் இருக்கும் துளைகளோடு, முன் கண்ணாடிக்குக் கீழே பேட்டரி பக்கத்தில் உள்ளவற்றையும் பார்க்க வேண்டும், அவற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழாய் வளைந்து வளைந்து போகும் வண்டிகளில் உயர் அழுத்தக் காற்றை நான் கிட்டவே விடமாட்டேன். ஸெட்4-இல் மோட்டார் ஏற்கெனவே நனைந்திருந்தால் அடைப்பு எடுப்பது மட்டும் போதாது, மோட்டாரை வெளியே எடுத்து உலர்த்தித்தான் ஆக வேண்டும்.

சன்ரூஃப் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பெரும்பாலான சன்ரூஃப்களுக்கு நான்கு மூலைகளிலும் நான்கு குழாய்கள், முன் கண்ணாடியின் ஓரத் தூண்கள் வழியாகவும் பின்பக்கத் தூண்கள் வழியாகவும் கீழே இறங்கும். நம் ஊரில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினால் பூவும் சருகும் அந்த மூலைகளில்தான் போய்ச் சேரும். பல வண்டிகளில் குழாயின் கீழ்முனையில் ஒரு ரப்பர் வாய் இருக்கும். மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்த வாய் சேற்றில் ஒட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. விரலால் லேசாகப் பிசைந்து விட்டாலே பாதி அடைப்பு போய்விடும்.

வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகத் துளையில் விட்டு, காருக்கு அடியில் அதே பக்கம் தாராளமாகக் கொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் இன்னும் குப்பை இருக்கிறது. வரவே இல்லை, மேலேயும் தேங்கவில்லை என்றால் குழாய் கழன்றிருக்கிறது, உடனே நிறுத்திவிட்டு உட்புறத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கார்ப்பெட் ஏற்கெனவே நனைந்திருந்தால் அதையும் தூக்குங்கள். மேல்பக்கம் காய்ந்த பிறகும் அடியில் உள்ள ஃபோம் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.