கண்ணாடியால் கட்டிய காவல்

யெவ்கேனி ஸமியாத்தின் 1920-21ஆம் ஆண்டுகளில் ரஷ்ய மொழியில் எழுதிய ‘நாங்கள்’ நாவலை, பென்குயின் 1993இல் வெளியிட்ட கிளாரன்ஸ் பிரவுனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். முதல் வாசிப்பில் கதையின் வேகத்தில் கவனிக்காமல் விட்ட ஒன்று இம்முறை மனத்தில் தங்கிவிட்டது. எதிர்காலச் சர்வாதிகார அரசு ஒன்றின் நகரத்தில் நடக்கும் இந்த நாவலில் மக்களை வேவு பார்க்கும் முதன்மையான கருவி, அவர்கள் குடியிருக்கும் கட்டடமே.

ஆர்வெல்லின் ‘1984’ஐப் படித்துவிட்டு இங்கே வருபவர்கள் பலர், நானும் அப்படி வந்தவன்தான். அந்த நாவலில் சுவர்கள் ஒளிபுகாதவை என்பதால், ஆட்சியாளர்கள் அவற்றில், வீட்டிலிருப்பவரைப் பார்க்கவும் கேட்கவும் வல்ல தொலைத்திரையைப் பதிக்க வேண்டியிருக்கிறது. கருவி என்று ஒன்று வந்துவிட்டால் அதன் பார்வை எட்டாத மூலையும் கூடவே வந்துவிடுகிறது. அதன் நாயகன் வின்ஸ்டன் தன் நாட்குறிப்பைத் தொடங்குவது, அறையின் அமைப்பில் அவ்வாறு தப்பிய ஒரு மாடத்தில் உட்கார்ந்துதான். ஸமியாத்தினின் நகரத்தில் அந்த மாடத்துக்கு இடமே இல்லை. வீட்டுச் சுவர்கள் மட்டுமல்ல, மேசையும் கட்டிலும்கூடக் கண்ணாடி. திரையை இறக்கிக்கொள்ளும் உரிமை உடலுறவுக்கென ஒதுக்கப்பட்ட நாட்களில் மட்டுமே, அதுவும் இளஞ்சிவப்புச் சீட்டைக் காட்டிய பிறகே, கிடைக்கிறது. தெருக்களில் பேச்சைப் பதிவு செய்யும் சவ்வுகள் இருக்கின்றன, காவலர்களும் உலவுகிறார்கள். ஆனால் அவர்களுடைய வேலையில் பெரும்பகுதியைக் கண்ணாடி முன்பே செய்து முடித்துவிடுகிறது.

ஸமியாத்தின் கப்பல் கட்டும் பொறியாளர். 1916-17இல் ரஷ்யாவுக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்ட பனியுடைப்புக் கப்பல்களை மேற்பார்வையிட்டவர். தான் எழுதும் குறிப்புகளின் வழியே கதையைச் சொல்லும் டி-503உம் (இந்த நகரத்தில் மக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான்) ஒரு விண்கலத்தைக் கட்டும் பொறியாளனே. அதனால்தான் கண்ணாடி வீடுகளைப் பற்றி அவன் பேசும்போது குரலில் அச்சம் இல்லாமல், கட்டியவனின் பெருமிதம் ஒலிக்கிறது. பழங்காலத்தவர் ஒளிபுகாத வீடுகளில் அடைந்து கிடந்ததால்தான் ‘என் வீடு என் கோட்டை’ என்னும் பரிதாபமான மனப்போக்கு அவர்களுக்கு வாய்த்தது என்று அவன் நம்புகிறான். கட்டடமே மனத்தை உருவாக்குகிறது என்ற அவனுடைய இந்த வாதத்தை நாவல் அவனுக்கே எதிராகத் திருப்பும் விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். காட்சிப் பொருளாகக் கண்ணாடிக் கூட்டுக்குள் பாதுகாக்கப்படும் ‘பழைய வீட்டுக்கு’ ஐ-330 என்னும் பெண் அவனை அழைத்துப் போகிறாள். ஒளிபுகாத சுவர்களும் தாறுமாறான நிறங்களும் நிறைந்த அந்த வீட்டுக்குப் போய்வரத் தொடங்கிய பின் அவனுடைய எண்ணங்கள் நேர்கோட்டில் செல்வதில்லை. பிறகு ஒரு மருத்துவர், அவனுக்கு ஆன்மா உண்டாகிவிட்டது என்று நோயைக் கண்டறிந்து சொல்கிறார். எதையும் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் முகம் பார்க்கும் கண்ணாடியின் பரப்பு இளகி, எல்லாம் அதனுள் இறங்கத் தொடங்கினால் எப்படியோ அப்படி என்று அவர் விளக்குகிறார். சுவராக நிற்பதற்கும் முகம் காட்டுவதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதால், இந்த இடம் நமக்குக் கூடுதலாகவே பொருள் தருகிறது.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு குறை உண்டு. பிரவுனின் ஆங்கிலம் சரளமானது. ஆனால் தொடக்கக் குறிப்புகளில் தெரியும் பேச்சு வழக்கு, கணிதத்தை வழிபடும் ஒருவனின் விறைப்பைச் சற்றுத் தளர்த்திவிடுகிறது. பின்பாதியில், டி-503இன் வாக்கியங்கள் முடியாமல் அறுந்து விழும் இடங்களில், அதே சரளம் நன்றாகக் கைகொடுக்கிறது. மொத்தம் 40 குறிப்புகள். ஒவ்வொன்றும் சில பக்கங்களே என்பதால், நாளுக்கு இரண்டு மூன்றாக நிதானமாகப் படிக்கலாம். எழுதப்பட்ட நாட்டில் 1988 வரை அச்சேறாத நூல் இது. ஆங்கிலத்தில் 1924இலேயே வந்துவிட்டது.

தலைப்பை ‘நாம்’ என்று தமிழாக்குவதா ‘நாங்கள்’ என்பதா என்று நெடுநேரம் யோசித்தேன். நகரைச் சுற்றி நிற்கும் பச்சைச் சுவரே அதைத் தீர்மானித்தது. அந்தச் சுவருக்கு உள்ளே இருந்துகொண்டு, எங்கோ வேற்றுக் கோளில் வாழும் முன்பின் அறியாதவர்களுக்காகத்தான் டி-503 இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்குகிறான்.