நாற்பது வீதம் எங்கள் வீடு: ஷெயார்ட் ஓனர்ஷிப்பில் பத்து வருடம்

அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் பெரும் பாடாக இருந்தது. 2015 ஏப்ரலில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற இடத்தில் இரண்டு அறை பிளாட் ஒன்றின் சாவி கிடைத்த அன்று சாவகச்சேரிக்கு அழைத்தேன்.

"வீடு வாங்கிட்டியோ?"

"நாற்பது வீதம் வாங்கியிருக்கிறம் அப்பா."

"மிச்சம் ஆரின்ர?"

"ஹவுசிங் அசோசியேஷன்ர, வீடு கட்டிக் குடுக்கிற ஒரு சங்கம். அதுக்கு மாசம் மாசம் வாடகை கட்டோணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பங்குக் காணிக்கு வாடகை கட்டுறதை நான் கேள்விப்படேல்லை" என்றார்.

எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் கிணற்றில் மூன்றிலொரு பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்றெல்லாம் எழுதியிருக்கும். கிணறு இறைத்துத் தூர்வாரினால் செலவையும் அதே பங்குப்படிதான் பிரிப்பார்கள். அப்பா நினைத்த பங்கு அது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அது பிழை என்று விளங்க ஐந்து வருடமும், வீட்டைச் சூடாக்கும் பொய்லர் ஒன்றும் போயின.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளாட்டின் அன்றைய விலை 300,000 பவுண்ட். எங்கள் 40 வீதம் 120,000. அதில் 12,000 கைக்காசு. சீட்டெடுத்த பணமும் மனைவியின் இரண்டு காப்பும் அதற்குள் அடக்கம். மிச்சம் 108,000 மோட்கேஜ், அதாவது வங்கியின் வீட்டுக் கடன். எங்களுடையதல்லாத 180,000க்கு ஆண்டுக்கு 2.75 வீதம் வாடகை, அதாவது மாதம் 412.50. மோட்கேஜ் 485, கட்டடப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ் 110. எல்லாம் கூட்டினால் ஆயிரத்துக்குச் சற்று மேல். அதே தெருவில் தனியார் வாடகை அப்போது 1,150. எங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 41,000தான். முழு வீட்டுக்கு 270,000 கடன் கேட்பதென்றால் 60,000 வருமானமாவது காட்ட வேண்டும். வங்கிக்குப் போய் வெட்கப்படாமல் வீட்டிலிருந்தே வெட்கப்பட்டுக்கொண்டோம்.

அதற்கு முந்திய நான்கு வருடத்தில் இரண்டு தடவை எழும்பச் சொன்னார்கள். வாடகையில் ஒரு நாளும் பிந்தியதில்லை. இரண்டு மாத நோட்டீஸ் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை என்றது அந்த நேரச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. இரண்டாம் தடவை மனைவிக்கு ஏழாம் மாதம். கட்டிலைக் கழற்றிக்கொண்டு நின்றபோதுதான், எத்தனை வீதமானாலும் சரி, ஒருவரும் எழுப்ப முடியாத இடமொன்று வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஆகவே இனி நான் சொல்லப்போகும் குறைகளை, இந்தப் பயத்தில் வாங்கியவன் சொல்லும் குறைகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பொய்லர் கதைக்கு வருகிறேன். உத்தரவாதம் முடிந்து நான்காம் மாதம், சரியாக டிசம்பரில், அது நின்றது. புதிதாகப் பூட்ட 2,100 பவுண்ட். 60 வீதம் உங்களுடையதுதானே, 1,260ஐத் தாருங்கள் என்று சங்கத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். நாங்கள் கையெழுத்திட்ட குத்தகை ஒப்பந்தமான லீஸின் ஒரு பந்தியை வெட்டியொட்டிப் பதில் வந்தது: வீட்டின் உள்ளே திருத்த வேலை எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. சர்வீஸ் சார்ஜும் அப்படியே. லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, காப்புறுதி எல்லாவற்றிலும் எங்கள் பிளாட்டுக்கு வரும் தொகை முழுவதும் எங்களுக்கு. 40 வீதம் என்பது விற்கும்போது வரும் பங்கு. செலவில் நாங்கள் 100 வீதம். கையெழுத்துக்கு முன் எங்கள் வழக்கறிஞரான சொலிசிட்டர் இதைச் சொல்லியிருப்பார். எண்பது பக்கக் கடிதத்தில் எங்கோ இருந்தது. சாவியைக் கண்டவனுக்குப் பக்கம் தெரியுமா?

வாடகை விதியும் அதே லீஸில்தான். சில்லறை விலைக் குறியீடான ஆர்பிஐ எவ்வளவு ஏறுகிறதோ அதனோடு இன்னும் அரை வீதம். குறியீடு விழுந்தாலும் வாடகை விழாது. முதல் ஆறேழு வருடம் இது உறைக்கவில்லை. மாதத்துக்கு ஐந்து, பத்து, இருபது என்று ஏறியது. 2022 அக்டோபரில் ஆர்பிஐ 14.2 வீதத்தைத் தொட்டது. 2023 ஏப்ரல் உயர்வைப் பல சங்கங்கள் தாமாக 7 வீதத்தோடு நிறுத்தின, எங்களுடையதும் நிறுத்தியது. அடுத்த ஏப்ரலில் அந்தத் தயவு இல்லை. அதே 2023இல் ஐந்து வருட நிலைவட்டி முடிந்து, 405ஆக இறங்கியிருந்த மோட்கேஜ் 557ஆனது. இந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் குறைவு என்பதால் பேரம் பேசவும் ஆளில்லை. இன்று வாடகை 618, சர்வீஸ் சார்ஜ் 252, எல்லாம் சேர்த்து 1,427. பத்து வருடத்தில் வாடகையாக மட்டும் கட்டியது 57,000க்கு மேல்.

மிச்சப் பங்கை வாங்கி வாடகையை ஒழிக்கலாமே என்பீர்கள். அதற்குப் பெயர் ஸ்டெயார்கேசிங், படிப்படியாக ஏறுவதாம். எங்கள் லீஸில் ஒரு படி குறைந்தது 10 வீதம். விலை, வாங்கும் நாளின் சந்தை விலை. 2018இல் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டோம், 370,000 என்றார். 2015இல் 30,000ஆக இருந்த 10 வீதம் 37,000ஆகிவிட்டது. மதிப்பீட்டுக் கூலி, சொலிசிட்டர், வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து இன்னும் 2,000. மதிப்பீடு மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் கடன் சரிவரவில்லை என்றால் மறுபடி கூலி கொடுத்து மறுபடி மதிப்பீடு. நாங்கள் ஏறவில்லை. என்னுடைய 40 வீதம் விலை ஏறும்போது வந்த சந்தோஷத்தை, மற்ற 60 வீதமும் சேர்ந்து ஏறுவதை நினைத்துப் பாதியில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

2020இல் மகன் பிறந்ததும் விற்றுவிட்டு மூன்று அறைக்குப் போக நினைத்தோம். முதல் எட்டு வாரம் சங்கம்தான் ஆள் தேடும், பிறகுதான் வெளிச்சந்தை. ஆள் கிடைத்தார். அவருடைய வங்கி ஈடபிள்யூஎஸ்1 படிவம் கேட்டது. 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்த பிறகு, கட்டடத்தின் வெளிச்சுவர் எரியக்கூடியதா என்று சான்று சொல்லும் படிவம். 2019 ஜூனில் எங்கள் பார்க்கிங் பகுதியிலேயே ஒரு அடுக்குமாடித் தொகுதியின் மரப் பால்கனிகள் எரிந்திருந்தன, எனவே கேட்டதில் பிழையில்லை. எங்கள் கட்டடத்துக்குப் படிவம் இல்லை. இரண்டு வருடம் இல்லை. வாங்க வந்தவர் போய்விட்டார். இரவில் விழித்திருந்து தீ பார்க்கும் காவலாளிக்கு நாங்கள் சர்வீஸ் சார்ஜில் காசு கட்டினோம். 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்து, எரியக்கூடிய வெளிச்சுவர்த் தகட்டை மாற்றும் செலவு எங்களிடம் வராது என்றது. மற்றத் தீப்பாதுகாப்பு வேலைகளுக்கு, லண்டனில் எங்களைப் போன்ற விலையுள்ள வீட்டுக்கு 15,000 உச்சவரம்பு; அதிலும் ஷெயார்ட் ஓனர் என்றால் பங்குவீதப்படி குறையும், எங்களுக்கு 6,000. பத்து வருடத்தில் அப்பாவின் கிணற்றுக் கணக்கில் எங்களை நடத்திய ஒரே இடம் அந்தச் சட்டம்தான்.

இடையில் மனைவிக்கு பர்மிங்காமில் நல்ல வேலையொன்று வந்தது. பிளாட்டை வாடகைக்கு விட்டுப் போக லீஸ் இடம்கொடுக்காது. விற்கவும் முடியாது. வேலையை விட்டோம்.

பர்மிங்காம் என்றதும் 2007இல் அங்கே நடந்த வழக்கு நினைவுக்கு வருகிறது. பாதிப் பங்கு வைத்திருந்த ஒரு பெண் வாடகை பாக்கி விட்டார். சட்டப்படி அவர் வாடகைக்காரர்தான் என்று நீதிமன்றம் சொன்னது; வீடும் பங்கின் விலையேற்றமும் அவர் கையைவிட்டுப் போயின. இதை நான் வாங்கி மூன்றாம் வருடம் வாசித்தேன். அன்றிலிருந்து மாதம் முதலில் கழிவது சங்கத்தின் வாடகை, பிறகுதான் மோட்கேஜ், பிறகுதான் அரிசி.

இவ்வளவு சொன்னவன் ஏன் இன்னும் இருக்கிறாய் என்றால், இந்த வருட மதிப்பீடு 385,000. எங்கள் பங்கு 154,000. மோட்கேஜ் மிச்சம் 82,000. விற்றால் செலவு போக எழுபதாயிரத்துக்குக் கிட்ட கையில் வரும். நாங்கள் போட்ட முதலும் கட்டித் தீர்த்த முதலும் 38,000தான். இந்தத் தெருவில் இரண்டு அறை இப்போது 1,700க்குக் குறைந்து கிடைப்பதில்லை. மகள் பிறந்ததிலிருந்து ஒரே பள்ளிக்கூடம், ஒரே டொக்டர். சுவரில் ஆணி அடிக்க ஒருவரையும் கேட்டதில்லை. சாமித்தட்டை முதல் வாரமே பூட்டினோம். வாடகை வீடுகளில் அது நாலு வருடமும் பெட்டிக்குள் கிடந்தது.

போன மாதம் சித்தியின் மகன் அழைத்தான். கிராய்டனில் புதுக் கட்டடம், 25 வீதம், முன்பதிவுப் பணம் கட்டப் போகிறானாம். 2021க்குப் பிந்திய லீஸ் எங்களுடையதைவிட நல்லது, அதைச் சொல்லத்தான் வேண்டும்: 10 வீதத்திலிருந்தே வாங்கலாம், லீஸ் 990 வருடம், முதல் பத்து வருடம் வெளித் திருத்தவேலை சங்கத்தின் பொறுப்பு, உள்ளே அவசியத் திருத்தத்துக்கு ஆண்டுக்கு 500 பவுண்ட் வரை கேட்கலாம், பதினைந்து வருடம்வரை வருடத்துக்கு ஒரு வீதமாகவும் ஏறலாம். லண்டனில் குடும்ப வருமானம் 90,000க்குள் இருக்க வேண்டும்; அவனுக்கு அந்தக் கவலை இல்லை. சர்வீஸ் சார்ஜின் மதிப்பீட்டுக் கணக்கை எழுத்தில் கேள், அதே சங்கத்தின் பழைய கட்டடமொன்றில் மூன்று வருடக் கணக்கையும் கேள், வாடகை ஏறும் விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேள் என்றேன். கிழமை ஒன்று கழித்து நானே அழைத்தேன்.

"கேட்டனியோ?"

"கிச்சின் நல்ல வடிவாக் கிடக்குது அண்ணா" என்றான்.