மாட்டுக் கொட்டகைக்கு ஃபாகர் பொருத்துவோர் கவனத்திற்கு: பக்கங்களை அடைக்க விடாதீர்கள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஐந்து கலப்பினக் கறவைகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறேன். சென்ற ஆண்டு கத்திரி தொடங்குவதற்கு முந்தைய வாரம், கொட்டகைக்கு ஃபாகர் (நீரைப் பனிமூட்டம்போல் நுண்துளிகளாகத் தெளிக்கும் கருவி) பொருத்தித் தருவதாக வந்த ஒரு நிறுவனத்தாரிடம் 72,000 ரூபாய் கொடுத்து நான் பட்ட பாடு வேறு யாருக்கும் நேரக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

தகரக் கூரையின் அடியில் குழாய்களைப் பொருத்தியதோடு நில்லாமல், குளிர்ச்சி வெளியே போய்விடும் என்று சொல்லி மூன்று பக்கங்களையும் அவர்கள் தார்ப்பாயால் அடைத்தார்கள். மின்விசிறி வேண்டாமா என்று கேட்டேன், தேவையில்லை என்றார்கள். ஃபாகரின் நுண்துளி ஆவியாகும்போதுதான் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. காற்றோட்டமில்லாத கொட்டகையில் ஈரப்பதம் ஏறி நின்றுவிட்டால் துளியும் ஆவியாகாது, மாடு மூச்சாலும் வியர்வையாலும் வெளியேற்ற வேண்டிய சூடும் அதன் உடம்பிலேயே தங்கிவிடும். எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. விற்க வந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பிற்பகல் உள்ளே நுழைந்தபோது இட்லிப் பானையைத் திறந்ததைப் போல ஆவி முகத்தில் அடித்தது. தகரத்தின் அடிப்புறமெங்கும் நீர் கோத்து நின்றது. மூத்த பசு லட்சுமி படுக்காமல் கழுத்தை நீட்டி, நாக்கைத் தள்ளி, எச்சில் நூலாய் ஒழுக நின்றாள். கால்நடை மருத்துவர் வந்து அவளது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினார்: 92. அறுபதைத் தாண்டினாலே வெப்ப அயர்ச்சி என்று சொன்ன அவர், முதலில் தார்ப்பாயை அவிழ்க்கச் செய்தார். அதற்குள் நாளொன்றுக்கு 46 லிட்டராக இருந்த பால் 31 லிட்டராக இறங்கியிருந்தது. நனைந்த தரையிலேயே கிடந்த இன்னொரு பசுவுக்கு மடிநோயும் வந்தது.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் ஃபாகர் முனைகள் இரண்டே வாரத்தில் வெள்ளையாய்ப் பூத்து அடைத்துக்கொண்டன. தண்ணீரைச் சோதிக்காமலே பொருத்திவிட்டுப் போனவர்கள், உப்புக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று தொலைபேசியில் கூறிவிட்டார்கள். என் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு மட்டுமே. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம் என்றாலும், முறையான பில் இல்லாததால் நான் தயங்கி நிற்கிறேன்.

பிறகு மருத்துவர் சொன்னபடி செய்தவற்றுக்குச் செலவு குறைவு. கூரைமேல் தென்னங்கீற்று பரப்பினேன். முதுகு நனையும்படி பெரிய துளியாகச் சிறிது நேரம் நீர் தெளித்து, மடிவரை வழிவதற்குள் நிறுத்தி, மின்விசிறியை ஓடவிட்டேன். குடிநீர்த் தொட்டியை நிழலுக்கு மாற்றி, அடர்தீவனத்தை விடியற்காலைக்கும் இரவுக்கும் தள்ளிவைத்தேன். பால் 42 லிட்டர் வரை திரும்பியது.

அதே ஆட்கள் இப்போது குடியாத்தம் பக்கம் கொட்டகைகளுக்கு அளவெடுத்து வருவதாகக் கேள்விப்படுகிறேன். அவர்கள் தார்ப்பாயை இறக்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.