இருபத்தெட்டு லட்சம் என்ற ஒற்றை வரி: காரைக்குடியில் ஒரு வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆலோசனை நிறுவனம்

என் தங்கை மகளை மருத்துவம் படிக்க கஜகஸ்தானிலுள்ள அல்மாட்டிக்கு அனுப்பிய வகையில், காரைக்குடியில் இயங்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தோடு 2025 ஜூலை முதல் 2026 ஜனவரி வரை எனக்குத் தொடர்பு இருந்தது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தத் தொழிலில் பெயர்ப்பலகைகள் அடிக்கடி மாறுகின்றன, நடைமுறைகள் மாறுவதில்லை. எனவே நடைமுறையைப் பற்றி எழுதுவதே அடுத்த ஆண்டு அதே படிகளில் ஏறப்போகும் பெற்றோருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அவள் நீட் தேர்வில் 720க்கு 331 எடுத்திருந்தாள். 2025இல் பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 144தான் என்பதால் வெளிநாடு செல்லத் தடையில்லை. ஆனால் சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும், வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் அந்த மதிப்பெண்ணுக்கு இடமில்லை. தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீடு என்றால் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். தேவகோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அவள் அப்பாவான என் மைத்துனருக்கு அது கட்டுப்படியாகாது. அப்படித்தான் அந்த அலுவலகத்துக்குப் போனோம்.

குளிரூட்டப்பட்ட அறை, சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டு மாணவர்களின் படங்கள், இனிமையாகப் பேசும் ஓர் இளைஞர். எங்கள் முன் அவர் வைத்த தாளில் பல்கலைக்கழகத்தின் படத்துக்குக் கீழே, ‘ஆறு வருட மொத்தச் செலவு: ரூ. 28,00,000’ என்று ஒரே வரி இருந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களின் ஐந்தொகையை (வரவு செலவு இருப்புக் கணக்கை) பரணிலிருந்து எடுத்துப் புரட்டிப் பார்த்த ஊரில், இருபத்தெட்டு லட்சத்துக்கு ஒற்றை வரியில் கணக்குக் கொடுக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “தம்பி, இதைப் பிரித்து எழுதித் தாருங்கள்” என்றேன். “எல்லாம் பேக்கேஜ்தான் ஐயா” என்றார். இரண்டாம் முறை கேட்ட பிறகு, படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 4,800 டாலர், விடுதி 800 டாலர், டாலருக்கு 83 ரூபாய் என்று பென்சிலால் எழுதிக் காட்டினார். பெருக்கிப் பார்த்தால் 27,88,800 வருகிறது. கூட்டல் சரி; ஆனால் சாப்பாடு, விமானச் சீட்டு, மருத்துவக் காப்பீடு, விசா, கம்பளி உடை ஆகிய எதுவும் அதற்குள் இல்லை. அந்த 83 ரூபாயும் பழைய விலை. ஆகஸ்டில் வங்கி எங்களுக்கு டாலரை 87.90க்குத்தான் விற்றது. அந்த வேறுபாடு மட்டுமே 5,600 டாலருக்கு ஆண்டொன்றுக்கு 27,440 ரூபாய். டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. 2022 தொடக்கத்தில் அது 74 ரூபாய் அளவில் இருந்ததை நினைவில் வைத்துக்கொண்டால், ஆறு ஆண்டுச் செலவை இன்றைய விலையில் ரூபாயாக மாற்றிச் சொல்லும் எவருடைய கணக்கும் கடைசி ஆண்டு வரை தாங்காது என்பது விளங்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்த நிறுவனம் மிகவும் பலவீனமாக இருந்தது. அவர்கள் முதலில் கல்லூரியைச் சொல்லவில்லை, கிர்கிஸ்தான் என்று நாட்டைச் சொன்னார்கள். பிஷ்கெக்கில் ஐந்தே ஆண்டுகளில் பட்டம், பயிற்சிக் காலத்தை இந்தியாவிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளை நான் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாதப் பயிற்சியை அதே வெளிநாட்டு நிறுவனத்தில் முடிக்க வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக அங்கே மருத்துவத் தொழில் செய்யும் உரிமத்துக்குத் தகுதி கிடைக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். இந்தியாவில் செய்யும் 12 மாதப் பயிற்சி இவற்றுக்கெல்லாம் பிறகு தனியாகச் செய்வது. வெளிநாட்டுப் பயிற்சிக்கு அது மாற்றாகாது. அந்தப் பக்கத்தைக் காட்டியதும் இளைஞர் உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தார். மேலாளர் பேச்சைக் கஜகஸ்தானுக்கு மாற்றினார். 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகள் தாக்கப்பட்டதைப் பற்றி நாங்கள் கேட்கும்வரை அவர்கள் வாயே திறக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

சுவரில் ‘உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது’, ‘மருத்துவ ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றது’ என்று இரண்டு முத்திரைகள் பெரிதாக இருந்தன. உலகச் சுகாதார நிறுவனம் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் அமைப்பே அன்று. நம் மருத்துவ ஆணையமும் அங்கீகரித்த வெளிநாட்டுக் கல்லூரிகள் என்று பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. விதிகளைச் சொல்லிவிட்டு, பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாணவரிடமே விடுகிறது. மருத்துவப் பள்ளிகளின் உலகக் கையேட்டில் ஒரு கல்லூரியின் பெயர் இருப்பது அது இயங்குகிறது என்பதற்குச் சான்று, தரத்துக்குச் சான்று அன்று.

தரத்தை ஓரளவு அளக்க உதவும் அளவுகோல் வேறு இருக்கிறது. வெளிநாட்டில் படித்துத் திரும்புவோர் இங்கே எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வு 300 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. 150 எடுத்தால் தேர்ச்சி. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் அந்தத் தேர்வில் அண்மைக் காலத்தில் எழுதியவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவரே தேறுகிறார்கள். தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு வாரியம், எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கல்லூரிவாரியான அறிக்கையும் வெளியிடுகிறது. ‘எங்கள் மாணவர்கள் நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று சொல்லிக்கொள்ளும் இந்த நிறுவனத்தில் அந்த அறிக்கையை எவரும் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. நானும் தங்கை மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த ஐந்து பெயர்களையும் அதில் தேடினோம். நூறு விழுக்காடு என்று மின்னிய ஒன்றில் எழுதியவர் எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டே பேர். “அம்மான், நிறையப் பேர் எழுதி, பாதிப் பேராவது தேறின இடமாப் பாருங்க” என்று அவளே சொன்னாள். அந்தப் புத்தி முதலில் எனக்கு வரவில்லை. கடைசியில் அவள் சேர்ந்த அரசுப் பல்கலைக்கழகம் அந்த ஐந்தில் மூன்றாவதாக இருந்தது. நிறுவனம் மிக அழுத்திச் சொன்னது முதலாவது பெயரை.

சேர்க்கைக் கடிதத்தோடு வந்த ஒப்பந்தம்தான் இந்த அனுபவத்தின் நடுநாயகம். கசாக், ரஷ்யம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் அச்சான அந்தத் தாள்களை எங்களிடம் கொடுக்காமல், “கையெழுத்துப் பக்கம் மட்டும் போதும்” என்று கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்பினார்கள். முழுவதும் வராமல் கையெழுத்து இல்லை என்று நான்கு நாள் பிடிவாதமாக இருந்தேன். வந்த பிறகு மூன்றாம் பக்கத்தில் படிப்புக் கட்டணம் 4,000 டாலர் என்றிருந்தது. பென்சிலில் எழுதிய 4,800 எங்கே என்று கேட்டபோது, நிர்வாகச் செலவு, ஒருங்கிணைப்புச் செலவு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர்களுடைய சேவைக் கட்டணமாக 1,25,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் ஏற்கெனவே தனியாகப் பேசியாயிற்று. ஆண்டுக்கு 800 டாலர் வீதம் ஆறு ஆண்டுக்கு 4,800 டாலர். கல்லூரிக்கும் விடுதிக்கும் சேர்த்து ஓர் ஆண்டு முழுவதும் கட்ட வேண்டிய தொகைக்கு அது சரியாகச் சமம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதால் விட்டுக்கொடுத்தார்கள். கேட்காதவர்கள் எத்தனை பேரோ.

அதற்கு முன்பே, முதலாண்டுப் பணத்தை ரூபாயாக அவர்களுடைய நடப்புக் கணக்கில் போட்டுவிடும்படி சொல்லியிருந்தார்கள். வங்கி வழியாக அனுப்பினால் 20 விழுக்காடு வரி பிடிப்பார்கள் என்று ஒரு பயமுறுத்தலும் சேர்ந்துகொண்டது. அது உண்மையன்று. 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாய் வரை வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு முன்பிடித்த வரி கிடையாது. அதற்கு மேல் கல்விக்குச் சொந்தப் பணத்தை அனுப்பினால் அந்த 2025-26 நிதியாண்டில் 5 விழுக்காடு பிடித்தார்கள், வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் அதுவும் இல்லை. பிடித்தாலும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்த 20 விழுக்காடு வேறு வகைச் செலவுகளுக்கு உரியது.

எங்களைக் காப்பாற்றியது கல்விக் கடன் என்றுதான் சொல்ல வேண்டும், வாங்கப் பட்ட பாடு ஒருபுறம் இருந்தாலும். தொகை ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். மைத்துனருக்கு இரண்டு கட்டு வளவும் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்த பூர்வீக வீட்டில் பங்கு உண்டு. ஆனால் அந்த வீட்டுக்குப் பதினாறு பங்காளிகள், அவர்களுள் ஐந்து பேர் கடல் கடந்து இருக்கிறார்கள். வங்கியின் சட்ட ஆலோசகர் மூலப்பத்திரத்தைப் புரட்டிவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நூறடி ரோட்டுக்கு அப்பால் எப்போதோ வாங்கிப்போட்ட நான்கு சென்ட் மனைதான் ஈடாயிற்று. வெளிநாட்டுப் படிப்பானால் மொத்தச் செலவில் 15 விழுக்காட்டை நாம் போட வேண்டும். மீதிக்கு இருபது லட்சம் கடன், பத்தரை விழுக்காடு, எங்கள் ஊர்க் கணக்கில் நூற்றுக்கு மாதம் எண்பத்தேழரைப் பைசா வட்டி. ஆறு சம தவணையாக விடுவித்தால், படிப்பு முடிந்து ஓராண்டு வரையிலான காலத்துக்குத் தனி வட்டியே ஒன்பது லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் ஏறிவிடும். பட்டம் பெற்று, தேர்வு எழுதித் தேறி, இங்கே 12 மாதப் பயிற்சியையும் முடிப்பதற்குள் தவணை கட்டும் காலம் தொடங்கிவிடும். ஆலோசனை நிறுவனம் இந்த இடைவெளியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வங்கி மேலாளர்தான் கேட்டார், ஒருமுறை தேர்வு தவறினால் யார் கட்டுவீர்கள் என்று. கடன் இருந்ததால் பணம் வங்கியிலிருந்து நேரே பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போகும் என்றாயிற்று. நிறுவனத்தின் நடப்புக் கணக்கு அதோடு பேச்சிலிருந்து விலகியது.

அனுப்பிய தொகை 4,800 டாலர், அதாவது 4,21,920 ரூபாய். நாணய மாற்றுக்கான ஜிஎஸ்டி 470 ரூபாய், வங்கியின் கட்டணம் தனி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தில், வழியிலுள்ள வங்கிகள் பிடிக்கும் இடைவங்கிச் செலவு யாருடையது என்று ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் அனுப்புபவருடையது என்று குறிக்காமல் விட்டது எங்கள் கவனக்குறைவு. அங்கே 4,775 டாலர்தான் போய்ச் சேர்ந்தது. 25 டாலர் பாக்கி என்று பல்கலைக்கழகம் மாணவர் அட்டையை நிறுத்தி வைத்தது. அந்த 25 டாலரை அனுப்ப அதைவிடக் கூடுதலாகச் செலவாகும் என்பதால், அவள் அங்கே போய் அந்நாட்டு நாணயமான டெங்கேயில் ரொக்கமாகக் கட்டினாள். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவர்களை அனுப்புவதாகச் சொல்லும் நிறுவனம் இந்த ஒரு கட்டத்தைப் பற்றி எச்சரித்திருக்கலாம்.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். ஆவண வேலையில் இவர்கள் கெட்டிக்காரர்கள். மதிப்பெண் சான்று, பிறப்புச் சான்று ஆகியவற்றுக்கு மாநில அரசின் சான்றொப்பமும் அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று முத்திரை) வாங்கி, ரஷ்ய மொழிபெயர்ப்பைப் பதிவுசெய்து, அழைப்புக் கடிதத்தையும் விசாவையும் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே கையில் கொடுத்தார்கள். அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்குவது ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், இவர்கள் பட்டியலில் அது ஆயிரங்களாகத் தெரிகிறது. என்றாலும் சென்னைக்கு நான்கு முறை அலையும் செலவையும் அலுப்பையும் கணக்கில் எடுத்தால் எனக்குக் குறையில்லை. விமான நிலையத்தில் ஆள் காத்திருந்தார். புதுக்கோட்டையைச் சேர்ந்த மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியிடம் முன்கூட்டியே பேச வைத்தார்கள். விடுதியின் உண்மையான நிலையும், வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் மூன்றாமாண்டு முதல் நோயாளியிடம் பேச ரஷ்யமும் கசாக்கும் தெரிந்தே ஆக வேண்டும் என்பதும் அந்தப் பெண் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ‘முதலாண்டிலிருந்தே இந்தியத் தேர்வுக்குப் பயிற்சி’ என்று விற்றது மட்டும் பழைய காணொளிகளின் தொகுப்பாக முடிந்தது.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். மூன்றும் ஆவண வேலைக்கே. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும் பணத்தைக் கையாளவும் இவர்களிடம் போகக் கூடாது. அந்த இரண்டையும் வீட்டில் முடித்துக்கொண்டு, எந்தப் பல்கலைக்கழகம் என்று நாமே பெயரைச் சொல்லி, ஆவண வேலைக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டால், சேவைக் கட்டணம் குறையவும் இடமுண்டு. நாங்கள் 1,25,000 ரூபாயை மூன்று தவணையாகப் பிரித்தோம்: சேர்க்கைக் கடிதம் வந்ததும் ஐம்பதாயிரம், விசா வந்ததும் ஐம்பதாயிரம், மாணவர் அட்டை கைக்கு வந்த பிறகு இருபத்தைந்தாயிரம். கடைசித் தவணைக்கு ரசீது வேண்டாமே, ஜிஎஸ்டி மிச்சமாகுமே என்றார்கள். ரசீது வாங்கித்தான் கொடுத்தேன். அது ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தோடு சேர்த்துக் குத்தப்பட்டு, இரண்டாம் ஆண்டுத் தவணைக்காக மைத்துனரின் கடைப் பெட்டியில் இருக்கிறது.