வருஷத்துக்கு நெட் பணம் கட்டும் முன் ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது என்று பாருங்கள்

எங்கள் தெருமுனையில், மாவு மில்லுக்கு எதிரே, போன சனிக்கிழமை மறுபடியும் ஒரு குடை போட்டிருக்கிறார்கள். ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, "12 மாதம் கட்டினால் 2 மாதம் இலவசம்" என்று ஒரு பேனர். போன தடவை வருஷத்துக்கு நெட் பணம் கட்டி நான் ஏமாந்த கம்பெனி வேறு, வாசகம் அதேதான். கீழ்வீட்டு மாமி அங்கே நின்று விலை விசாரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தும் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என்னை ஏமாற்றிய முறை எந்தக் கம்பெனியின் பேனருக்குக் கீழேயும் நடக்கக்கூடியது.

நான் மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை. இரவு ஷிஃப்ட். நெட் பத்து நிமிஷம் போனால்கூட ஆபீஸ் லாகின் அறுந்துவிடும், அன்றைய டார்கெட் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் வடிந்தது, கரண்ட் வந்தது, நெட் மட்டும் மூன்று வாரமாகியும் வரவில்லை. பழைய கம்பெனியை அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். தெருவில் இருந்த பெட்டியே முங்கிக் கிடந்தது, அவர்களும் என்ன செய்வார்கள். ஆனால் மூன்று வாரம் மொபைல் டேட்டாவை வைத்துக்கொண்டு மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து வேலை பார்த்ததில் எனக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அந்தப் பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கம்பெனி முத்திரை போட்ட சட்டை. "அக்கா, உங்க தெருவுல ஏற்கெனவே ஏழு வீட்டுக்குக் குடுத்தாச்சு. 200 எம்பி ஸ்பீடு, மாசம் 799. வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீ. ஜி.எஸ்.டி.யை நாங்களே பார்த்துக்கறோம்" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். பிராட்பேண்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 799 ரூபாய்க்கு கிட்டத்தட்ட 144 ரூபாய். வருஷத்துக்கு 1,700 ரூபாய்க்கு மேல். வீடு வீடாக வருகிற ஒரு பையன் இவ்வளவு வரியை நமக்காகத் தன் கையிலிருந்து கட்டுவானா? வரி வேண்டாம் என்றால் பில் போடப்போவதில்லை என்றுதான் அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது மலிவாகத்தான் தெரிந்தது.

பன்னிரண்டு மாதத்துக்கு 9,588 ரூபாய். ரவுட்டருக்குத் திருப்பித் தரும் டெபாசிட் 1,500. வயர் இழுக்க 500. ஆக மொத்தம் 11,588 ரூபாய். அம்மாவுக்கு அந்த மாதம்தான் சீட்டுப் பணம் வந்திருந்தது. "வேலைக்குத்தானே, வச்சுக்கோ" என்று கொடுத்தாள். ஜிபேயில் எண்ணைப் போட்டதும் கம்பெனி பெயர் வரவில்லை, ஓர் ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "கம்பெனி க்யூ.ஆர். இன்னைக்கு வேலை செய்யலக்கா, இது எங்க ஆபீஸ் அக்கவுண்ட்தான்" என்றான். கார்பன் வைத்து ஒரு ரசீது எழுதிக் கொடுத்தான். அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாளே இணைப்பு வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேகம் வரவில்லை. போனில் சோதித்தால் 38, நல்ல நேரத்தில் 42. "வைஃபைல அப்படித்தான்க்கா வரும். ரவுட்டர் 300 எம்பி ரவுட்டர், பாருங்க" என்று அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டினான். 'என்300' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நானும் நம்பினேன்.

மாசி மாதம் சித்தி பையன் வீட்டுக்கு வந்திருந்தான். நெட்வொர்க்கிங் வேலையில் இருப்பவன். ரவுட்டரைக் கையில் எடுத்துத் திருப்பி, அடியில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தான். "அக்கா, இது பழைய சிங்கிள் பேண்ட் ரவுட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருக்கு. 300னு போட்டிருக்கறது ஏட்டுக் கணக்கு. பின்னாடி இருக்கற லேன் போர்ட் எல்லாம் 10/100. உனக்கு 200 எம்பி பிளானே போட்டிருந்தாலும் இந்தப் பெட்டி வழியா 100க்கு மேல வராது" என்றான். அப்புறம் என் லேப்டாப்பை லேன் கேபிளில் செருகிச் சோதித்தான். 49. மூன்று தடவை பார்த்தான், மூன்று தடவையும் 49. "ரவுட்டர் தகராறா இருந்தா 90 பக்கத்துல வந்து நிக்கணும். 49ல ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுன்னா உனக்குப் போட்டிருக்கறதே 50 எம்பி பிளான்."

பையனைக் கூப்பிட்டேன். "ஆபீஸ்ல சொல்லி மாத்தறேன்க்கா" என்றான். மாற்றவில்லை.

மார்ச் மாதம் இணைப்பு ஐந்து வேலை நாள் போனது. பெட்டியில் 'லாஸ்' (LOS) என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அதுதான் அறிகுறி. வேறு ஒரு டெக்னீஷியன் அண்ணன் வந்தார். ஒளியின் பலத்தை அளக்கும் மீட்டரைச் செருகிப் பார்த்தார், மைனஸ் 29 காட்டியது. மைனஸ் 27-ஐத் தாண்டிவிட்டால் இணைப்பு நிற்காது என்றார். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மெல்லிய ஃபைபர் வயரைக் கம்பிக் கிராதியில் ஒரு முழுச் சுற்று சுற்றி, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருந்தார்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அப்படி மடித்து இறுக்கினால் ஒளி அந்த மடிப்பிலேயே கசிந்துவிடும். டேக்கை வெட்டி, வளைவைத் தளர்த்திவிட்டார். மைனஸ் 22. அவ்வளவுதான் வேலை. அதற்கு ஐந்து நாள்.

பழுது மூன்று வேலை நாளுக்கு மேல் நீடித்தால் ஏழு நாள் வாடகையைக் கழிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் கொண்டுவந்த, அப்போது நடப்பில் இருந்த சேவைத் தர விதிகளிலேயே இருந்தது. ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகை, பதினைந்து நாளைத் தாண்டினால் ஒரு மாத வாடகை. கேட்டேன். "வருஷ பிளானுக்கு அதெல்லாம் கிடையாதுக்கா" என்றான் பையன். அப்படி ஒரு விலக்கு அந்த விதியில் இருக்கவில்லை.

ஜூன் 13-ஆம் தேதி இரவு, ஷிஃப்ட் பாதியில் நெட் நின்றது. சிவப்பு விளக்கு எரியவில்லை, எல்லாம் பச்சை. பிரவுசரைத் திறந்தால் "உங்கள் பிளான் முடிந்துவிட்டது, ரீசார்ஜ் செய்யவும்" என்று ஒரு பக்கம். வருஷத்துக்குக் கட்டி ஐந்தே மாதம்தான் ஆகியிருந்தது.

பையனின் போன் அணைந்திருந்தது. கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போட்டேன். "மேடம், உங்க ரெஜிஸ்டர்ட் மொபைல் நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கோம், சொல்லுங்க." எனக்கு ஒன்றும் வரவில்லை. எந்த எண்ணுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டதற்குக் கடைசி இரண்டு இலக்கத்தைச் சொன்னார்கள். அது என் எண் இல்லை. அந்தப் பையனின் எண். என் ஆதாரை வைத்து, என் வீட்டு முகவரிக்கு, என் பெயரில் வாங்கிய இணைப்பில் அவனுடைய மொபைல் எண்ணைப் பதிந்திருக்கிறான். ஓ.டி.பி. இல்லாமல் புகார் எடுக்க மாட்டார்கள், பிளான் விவரம் சொல்ல மாட்டார்கள், எண்ணை மாற்றவும் மாட்டார்கள். அன்று இரவு இரண்டு மணி வரை அந்த ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள்.

நேரில்தான் போக வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் என் ஆதாரைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் தயங்கி, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். 50 எம்பி பிளான். மாதம் 499, வரியோடு 588 ரூபாய் 82 காசு. ஜனவரி முதல் மே வரை மாதா மாதம் ஐந்து ரீசார்ஜ். நான் கொடுத்த பணத்தில் கம்பெனிக்குப் போனது 2,944 ரூபாய் சொச்சம். டெபாசிட் என்று ஒரு வரியே இல்லை. ரவுட்டருக்கு அவர்கள் டெபாசிட் வாங்குவதே கிடையாதாம், இணைப்புக் கட்டணமும் கிடையாதாம். மீதி 8,644 ரூபாய் எங்கேயோ போய்விட்டது.

அந்தப் பெண் திரையைத் திருப்பவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவர் செய்த அந்த உதவியால்தான் எனக்கு ஆதாரம் கிடைத்தது. போனில் படம் எடுத்துக்கொள்ள விட்டார்.

எங்கள் ஏரியாவுக்கு ஃபிரான்சைஸ் எடுத்திருந்தவரைப் போய்ப் பார்த்தேன். "அவன் இப்ப எங்ககிட்ட இல்லம்மா. அவன் கையில குடுத்ததுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். அவன் போட்டிருந்த சட்டையும் கழுத்து அட்டையும் இவர்கள் கொடுத்தவை. அதைப் பார்த்துத்தானே கதவைத் திறந்தோம்? பிறகு தெருவில் விசாரித்ததில் இன்னும் நான்கு வீட்டில் இதே கதை. இரண்டு பேர் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டிருந்தார்கள். இதில் வெட்கப்பட நமக்கு என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு.

புகார் விஷயத்தில் நான் அலைந்து தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் சொல்லி டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண், வாங்க வேண்டும். போனில் சொன்னால் "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்" என்று வைத்துவிடுவார்கள். எண்ணைக் கேட்டு வாங்குங்கள், கூடவே மின்னஞ்சலும் அனுப்புங்கள். தீர்வு திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேலே தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவு இருக்கிறது, எண் 1063. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே தமிழிலேயே பேசலாம்.

மேல்முறையீட்டில் எனக்கு வந்த பதில்: பணம் எங்களுக்கு வரவில்லை, இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் இரண்டு மாதம் இலவச சேவை தருகிறோம். கூடவே கையெழுத்துப் போட ஒரு தாள். அதன் நான்காவது வரியில் "இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன" என்று இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு தாள் வந்தால், அவசரப்படுத்தினாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள்.

"டெலிகாம் கேஸெல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட்ல எடுக்க மாட்டாங்க மேடம்" என்றும் அவர்கள் ஆள் ஒருவர் சொன்னார். அது பொய். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-லேயே சொல்லிவிட்டது. கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாம் கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. நானும் பக்கத்துத் தெரு ஆசிரியர் ஒருவரும் தனித்தனியாகப் போட்டிருக்கிறோம். ஜிபே ஸ்கிரீன்ஷாட், கார்பன் ரசீது, அந்தத் திரையின் படம், பையனின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இரண்டு வாய்தா முடிந்திருக்கிறது.

இப்போது வேறு இணைப்பு வைத்திருக்கிறேன். மாதம் மாதம்தான் கட்டுகிறேன், கம்பெனியின் ஆப் வழியாக மட்டும். தள்ளுபடி போனால் போகட்டும். எடுப்பதற்கு முன் இந்தத் தடவை விற்க வந்தவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, எங்கள் கம்பத்திலிருந்தே வயர் போகும் மூன்று வீட்டில் கேட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வேகம் எவ்வளவு வருகிறது, கடைசியாக வயர் அறுந்தபோது எத்தனை நாளில் ஆள் வந்தார், அவ்வளவுதான் கேள்வி. ஒரே ஃபைபரை 32, 64 வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டில் ராத்திரி வேகம்தான் நிஜமான வேகம். பில்லில் ஜி.எஸ்.டி. எண் பார்த்தேன். எண்ணும் எழுத்துமாகப் பதினைந்து இருக்கும், தமிழ்நாடென்றால் 33-இல் ஆரம்பிக்கும், அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டிவிடும். டெக்னீஷியன் வீட்டில் இருக்கும்போதே ஆப்பில் நுழைந்து, ஓ.டி.பி. என் போனுக்கு வந்து, நான் சொன்ன பிளான் திரையில் தெரிந்த பிறகுதான் பணம் கட்டினேன்.

ஏற்கெனவே வருஷத்துக்குக் கட்டியிருப்பவர்கள் இன்று ராத்திரியே உங்கள் கம்பெனி ஆப்பைத் திறந்து உங்கள் மொபைல் எண்ணைப் போடுங்கள். "இந்த எண் பதிவில் இல்லை" என்று வந்தால், ரசீதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே அவர்கள் அலுவலகத்துக்குப் போங்கள். பிளான் முடியும்வரை காத்திருக்காதீர்கள். கீழ்வீட்டு மாமி பணம் கட்டுவதற்கு முன், அவரோடு நாளை நானும் போகிறேன்.