வலியோடு மீள்கிறவருக்கு எது பொருந்தும்: முழு நிறுத்தமா, மெத்தடோனா, பூப்ரினார்ஃபினா?

ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) சார்பிலிருந்து மீள்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மருந்தின் மீதான வேட்கையைப் பற்றியே பேசுகிறார்கள். வலிக்காக மாத்திரையைத் தொடங்கி, வலி தீராமலேயே அந்த மாத்திரை இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டவருக்கு அந்தப் பேச்சு பாதிதான் பொருந்தும். மருந்தை நிறுத்திய பிறகும் அவருடைய முதுகோ மூட்டோ நரம்போ வலித்துக்கொண்டுதான் இருக்கும். நானும் அப்படிப்பட்டவர்களில் ஒருவன். முதுகெலும்பு அறுவைக்குப் பின் எஞ்சிவிட்ட நரம்பு வலிக்காக ஓபியாய்டுகளைப் பல ஆண்டுகள் எடுத்து, பிறகு பூப்ரினார்ஃபினுக்கு மாறி, இன்றும் அதில்தான் இருக்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெளிவு. அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழக்கமாகப் பேசப்படும் நான்கு வழிகள் முழு நிறுத்தம், மெத்தடோன், பூப்ரினார்ஃபின், நால்ட்ரெக்சோன். இவற்றில் நால்ட்ரெக்சோனை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது ஓபியாய்டுகள் ஒட்டிச் செயல்படும் ஏற்பிகளை அடைத்துவிடும் மருந்து. அதைத் தொடங்குவதற்கு முன் 7 முதல் 10 நாட்கள்வரை எந்த ஓபியாய்டும் உடலில் சேராமல் இருக்க வேண்டும், தொடங்கிய பின் வழக்கமான அளவில் அது வலிக்கு எதுவும் செய்யாது. எதிர்பாராமல் எலும்பு முறிந்தாலோ அவசர அறுவை தேவைப்பட்டாலோ வலுவான வலி மருந்துகள் வேலை செய்யாமல் போய்விடும் என்பதும் உண்டு. வலியே இல்லாதவருக்கு அது நல்ல வழியாக இருக்கலாம், நாள்பட்ட வலி உள்ளவருக்கு அது அநேகமாகப் பொருந்தாது.

முழு நிறுத்தம், அதாவது ஓபியாய்டுகளைப் படிப்படியாகக் குறைத்து விட்டுவிட்டு மற்ற மருந்துகளாலும் பயிற்சிகளாலும் வலியைச் சமாளிப்பது, கேட்பதற்கு மிகத் தூய்மையான வழி. குடும்பத்தினர் பெரும்பாலும் விரும்புவதும் இதையே. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஸ்பேஸ் என்ற ஆய்வில், நாள்பட்ட முதுகுவலி அல்லது இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்த 240 பேரை 12 மாதங்கள் கவனித்தபோது, ஓபியாய்டு எடுத்தவர்கள் அன்றாடச் செயல்திறனில் மற்ற மருந்துகளை எடுத்தவர்களைவிட முன்னேறவில்லை. வலியின் அளவு ஓபியாய்டு எடுக்காதவர்களிடமே சற்றுக் குறைவாக இருந்தது. நீண்டகால ஓபியாய்டு சிலருக்கு வலி உணர்வையே கூர்மையாக்கிவிடுவதும் அறியப்பட்டதுதான். அத்தகையவர்களுக்கு மருந்து குறையக் குறைய வலியும் குறைவது உண்டு. டூலாக்செடின், நார்ட்ரிப்டிலின் (வலிக்கும் தரப்படும் மனச்சோர்வு மருந்துகள்), வலியுள்ள இடத்தில் ஒட்டும் லிடோகெய்ன் பட்டை, அளவறிந்து செய்யும் உடற்பயிற்சி, வலி குறித்த அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சை ஆகியவை ஓரளவு உண்மையாகவே உதவுகின்றன. இவற்றில் பலவற்றை நான் இன்றும் விடவில்லை. நரம்பு வலிக்குத் தரப்படும் காபாபென்டினும் பிரிகாபலினும் இந்தப் பட்டியலில் சேரும், ஆனால் ஓபியாய்டுடன் சேரும்போது மூச்சை மட்டுப்படுத்தக்கூடியவை என்று 2019இல் எச்சரிக்கை வந்தவை, தவறாகப் பயன்படுத்தப்படுவதும் உண்டு.

ஆனாலும் அந்த ஆய்வை எடுத்துக்காட்டி "பார், ஓபியாய்டே தேவையில்லை" என்று சொல்லுகிறவர்கள் ஒரு விவரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏற்கெனவே நீண்டகாலமாக ஓபியாய்டு எடுத்துவந்தவர்கள் அதில் சேர்க்கப்படவே இல்லை. ஓபியாய்டைத் தொடங்கலாமா என்பதற்கு அது சிறந்த விடை, சார்பு ஏற்பட்டுவிட்டவர் அதை எப்படி விடுவது என்பதற்கு அது விடையே அல்ல. நிறுத்திய பின் தூக்கமின்மை, மனச்சோர்வு, உடம்பு முழுவதும் பரவும் குடைச்சல் ஆகியவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீளலாம், அந்தக் காலத்தில் எது பழைய வலி, எது மருந்தை நிறுத்தியதால் வரும் விலகல் அறிகுறி என்று பிரித்தறிவதே கடினம். திடீரென நிறுத்துவதால் கட்டுக்கடங்காத வலியும் கடும் மன உளைச்சலும் தற்கொலையும்கூட நேர்ந்திருப்பதாக 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுவது. வலி பொறுக்காமல் ஒரு நாள் பழைய அளவை எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். சார்பு நோய் இல்லாமல், வெறும் வலிக்காக மட்டும் ஓபியாய்டு எடுப்பவர் மாதத்துக்குப் 10 விழுக்காடோ அதைவிட மெதுவாகவோ குறைத்து விடுபட முயல்வது நியாயமான முதல் வழி. சார்பும் வலியும் சேர்ந்தவருக்கு அதையே முதல் வழியாகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சியவை மெத்தடோனும் பூப்ரினார்ஃபினும். இவையும் ஓபியாய்டுகளே. இரண்டும் 2005இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சார்புச் சிகிச்சைக்காக இடம்பெற்றவை, இரண்டும் உயிர் காக்கின்றன. ஒரு ஓபியாய்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதானே, இதில் மீட்சி எங்கே என்ற கேள்விக்கு நான் அதிக இடம் தரப் போவதில்லை. சீரான அளவில் மருந்து எடுத்து, வேலைக்குப் போய், இரவில் தூங்கி எழுகிறவர் மீண்டவர்தான்.

இந்த இரண்டுக்கும் இடையே தேர்வு செய்ய எனக்கு உதவியது ஒரே ஒரு விஷயம்: நேரக் கணக்கு. இந்த மருந்துகள் விலகல் அறிகுறிகளை ஒரு நாள் முழுவதும், சில வேளை அதற்கு மேலும், அடக்கி வைக்கின்றன. ஆனால் வலியை அவை அவ்வளவு நேரம் அடக்குவதில்லை. மெத்தடோனின் வலிநீக்கும் ஆற்றல் சுமார் 4 முதல் 8 மணி நேரமும், நாவடியில் வைக்கும் பூப்ரினார்ஃபினின் வலிநீக்கும் ஆற்றல் சுமார் 6 முதல் 8 மணி நேரமும்தான் நிற்கும். சார்புச் சிகிச்சையில் வழக்கமான முறை காலையில் ஒரே வேளையாக முழு அளவையும் எடுப்பது. அப்படி எடுத்தால் வேட்கை அடுத்த நாள் காலைவரை தலைதூக்காது. வலியோ மாலைக்குள் திரும்பிவிடும், இரவு முழுவதும் அதை அடக்க எதுவும் இராது. "மருந்து போதவில்லை" என்று நோயாளி சொல்வதும், "விலகல் அறிகுறி எதுவும் இல்லையே, அளவு சரியாகத்தான் இருக்கிறது" என்று மருத்துவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான். பெரும்பாலும் குறை மருந்தின் மொத்த அளவில் இருப்பதில்லை, அதே அளவை மூன்றாகவோ நான்காகவோ பிரித்து 6 அல்லது 8 மணிக்கு ஒருமுறை எடுத்தால் வலியின் மீதான பிடி தளராமல் இருக்கும்.

பிரித்து எடுப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. சார்பிலிருந்து மீள்கிறவருக்கு மிக ஆபத்தான கேள்வி "இப்போது ஒன்று போட்டுக்கொள்ளலாமா" என்பது. வலி கூடும்போது மட்டும் எடுக்கும் மருந்து அந்தக் கேள்வியை நாள்தோறும் பலமுறை எழுப்புகிறது, ஒவ்வொரு முறையும் வலிதான் கேட்கிறதா, வேட்கை வலியின் குரலில் கேட்கிறதா என்று நீங்களே தீர்ப்பளிக்க வேண்டியிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து எடுக்கும் மருந்தில் அந்தத் தீர்ப்புக்கே வேலை இல்லை. வலி குறைந்திருந்தாலும் குறித்த நேரத்தில் எடுக்கிறோம், கூடியிருந்தாலும் அடுத்த வேளைவரை வெந்நீர் ஒத்தடமோ நடையோ மூச்சுப் பயிற்சியோ கொண்டு கடக்கிறோம். சில மாதங்களில் வலி ஏறியவுடன் கை மாத்திரைப் பெட்டியை நாடும் பழக்கமே என்னிடம் தளர்ந்துபோனது. இந்த மாற்றத்தை நான் வலிக் குறைவைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆகவே எந்த மருந்து வலுவானது என்பதைவிட, எந்த மருந்தை வீட்டில் வைத்துப் பிரித்து எடுக்க அனுமதிப்பார்கள் என்பதே நான் கேட்ட கேள்வி. மெத்தடோன் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. பல நாடுகளில் அது சிகிச்சை மையத்தில், பணியாளர் கண்முன்னே, நாளுக்கு ஒருமுறை தரப்படுகிறது, வீட்டுக்கு எடுத்துப்போகும் உரிமை மெதுவாகத்தான் கிடைக்கும். அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. மெத்தடோன் உடலில் பாதியாகக் குறையும் நேரம் ஆளுக்கு ஆள் 8 மணியிலிருந்து 59 மணிவரை வேறுபடுகிறது. வலிநீக்கம் சில மணி நேரத்தில் முடிந்துவிட, மருந்து மட்டும் உடலில் சேர்ந்துகொண்டே போவதால், வலிக்காக அவசரப்பட்டு அளவைக் கூட்டுபவர் சில நாள் கழித்து மூச்சடங்கும் அபாயத்தைச் சந்திக்கலாம். இதயத் துடிப்பின் மின்பதிவில் கியூடி இடைவெளியை அது நீட்டுவதால், அது மிகுந்தால் துடிப்பு ஆபத்தாகச் சீர்குலையலாம் என்பதால், இசிஜி பார்த்துக்கொள்ள வேண்டும். வலி நோயாளிகளுக்கு வழக்கமாகத் தரப்படும் அமிட்ரிப்டிலினும் அந்த இடைவெளியை நீட்டக்கூடியது, நரம்பு வலிக்குத் தரப்படும் கார்பமாசெபினோ மெத்தடோனின் அளவையே இரத்தத்தில் குறைத்து விலகல் அறிகுறிகளைக் கொண்டுவரும். மெத்தடோனுக்குத் தனிச் சிறப்பும் உண்டு. முழுமையாகச் செயல்படும் ஓபியாய்டு என்பதோடு, வலியைக் கூர்மையாக்குவதில் பங்குள்ள என்எம்டிஏ என்ற நரம்பு ஏற்பியையும் தடுப்பதால் நரம்பு வலிக்குக் கூடுதல் பயன் தரலாம். தொடங்குவதற்கு விலகல் நிலைக்குப் போய்க் காத்திருக்கத் தேவையில்லை. சிகிச்சையை விட்டு விலகாமல் தொடர்பவர்களின் விகிதமும் அதில் கூடுதல்.

பூப்ரினார்ஃபின் ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொண்டு, அவற்றை ஓரளவுக்கே தூண்டும் மருந்து. அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் மூச்சை மட்டுப்படுத்தும் விளைவு ஓரெல்லையில் நின்றுவிடுகிறது. மது, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை ஆகியவற்றோடு சேர்ந்தால் மட்டும் அந்தப் பாதுகாப்பை நம்பக்கூடாது. இந்த எல்லை வலிநீக்கத்துக்கும் உண்டு என்று முன்பு பலர் சொன்னார்கள், வழக்கமான சிகிச்சை அளவுகளுக்குள் அது தெளிவாகக் காணப்படவில்லை. இந்தப் பாதுகாப்பால்தான் பல இடங்களில் மருத்துவர் சீட்டு எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார், வீட்டுக்கு வந்த மருந்தைப் பிரித்து எடுப்பது அவருடைய ஒரு வரிக் குறிப்பில் முடிந்துவிடுகிறது. என் வலி போய்விடவில்லை. ஆனால் நாளின் எந்த வேளையிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறது, உயரம் தெரிந்த வலியோடு ஒரு நாளைத் திட்டமிட முடிகிறது.

தொடக்கம்தான் கடினம். முந்தைய ஓபியாய்டு உடலில் இருக்கும்போதே இதை எடுத்தால் அதை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டுக் கடுமையான விலகலைத் திடீரென உண்டாக்கிவிடும். அதனால் விலகல் அறிகுறிகள் நன்றாகத் தெரியும்வரை, குறுகிய நேரம் செயல்படும் ஓபியாய்டு என்றால் 12 முதல் 24 மணிவரை, மெத்தடோன் என்றால் அதைவிட நீண்ட நேரம், காத்திருக்க வேண்டும். வலி நோயாளிக்கு அந்தக் காத்திருப்பு இரட்டை வேதனை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட முறையில், பழைய மருந்தை நிறுத்தாமலேயே மிகச் சிறிய அளவில் பூப்ரினார்ஃபினைச் சேர்த்து நாளுக்கு நாள் கூட்டிச் செல்கிறார்கள். அதைச் செய்யத் தெரிந்த மருத்துவர் கிடைத்தால் வலி உள்ளவர் அதையே கேட்பது நல்லது. தானாகச் செய்துபார்க்கும் காரியம் அல்ல.

பராமரிப்பில் நான் கண்ட தொல்லைகள் சிறியவை: மலச்சிக்கல், வியர்வை, மாத்திரை கரையும்வரை பேச முடியாமை. நாளுக்குப் பலமுறை பிரித்து எடுப்பவர் பற்களைக் கவனிக்க வேண்டும். வாயில் கரையும் பூப்ரினார்ஃபினால் பற்சொத்தையும் பல் இழப்பும் நேர்ந்திருப்பதாக 2022 ஜனவரியில் எச்சரிக்கை வந்தது. முழுவதும் கரைந்த பின் வாயில் நீர் வைத்து மெல்லக் கொப்பளித்து விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். அறுவை வந்தால் இதை நிறுத்திவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். இப்போது பெரும்பாலும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே கூடுதல் வலி மருந்து சேர்க்கிறார்கள், மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். எந்த ஓபியாய்டில் இருந்தாலும் வீட்டில் நாலாக்சோன் (ஓபியாய்டு மிகுந்து மூச்சடங்கும்போது அதை மாற்றும் மருந்து) இருப்பதும், அதைப் பயன்படுத்த வீட்டாருக்குத் தெரிந்திருப்பதும் அவசியம்.

தோலில் ஒட்டும் பூப்ரினார்ஃபின் பட்டை வலிக்கானது, மைக்ரோகிராம் அளவிலானது, சார்புக்கு அது போதாது. நாவடி மாத்திரை மில்லிகிராம் அளவிலானது, சார்புக்கென்று அனுமதிக்கப்பட்டது. ஒரே மருந்து இரண்டு துறைகளில் இரண்டு பெயர்ப்பலகையோடு இருப்பதால், வலித் துறை சார்பைப் பார்ப்பதில்லை, சார்புத் துறை வலியைக் கேட்பதில்லை. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதும் மருத்துவரைத் தேடுவதற்கே எனக்கு நெடுநாள் பிடித்தது. மாதம் ஒருமுறை போடும் பூப்ரினார்ஃபின் ஊசியை நான் எடுத்ததில்லை. இரத்தத்தில் மருந்தின் அளவைச் சீராக வைப்பதால் பிரித்து எடுக்கும் தேவையே இல்லாமல் போகலாம் என்று தோன்றுகிறது, ஆனால் இதை அனுபவத்தை வைத்துச் சொல்லவில்லை.

மிக அதிக அளவு ஓபியாய்டில் இருந்தவர், பூப்ரினார்ஃபினைப் பிரித்து எடுத்தும் வேட்கையோ வலியோ அடங்காதவர், வீட்டில் மருந்து இருந்தாலே நிலைதடுமாறுகிறவர் ஆகியோருக்கு மெத்தடோன்தான் பொருந்தும், மையம் பிரித்துத் தர இசைந்தால் என் வாதத்தின் பெரும்பகுதியும் அடிபட்டுப்போகும். இன்னும் முடிவெடுக்க முடியாதவர் ஒன்றைக் கவனிக்கலாம்: மெத்தடோனிலிருந்து பூப்ரினார்ஃபினுக்கு மாற அளவைக் குறைத்து, விலகலைத் தாங்கிக் காத்திருக்க வேண்டியிருக்கும். பூப்ரினார்ஃபினிலிருந்து மெத்தடோனுக்கோ அந்தக் காத்திருப்பு இல்லாமல் மறுநாளே மாறிவிடலாம்.